சிரிப்புப் படத்துக்கு இரண்டாவது வாரமும் கொடுங்கள்

மலேசியாவில் தமிழ்ப் படங்களை வெளியிடும் விநியோகஸ்தர்களுக்கும், அவற்றுக்குக் காட்சி நேரம் ஒதுக்கும் திரையரங்கு நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். நான் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் ஒரு சாதாரண ரசிகை. முதல் நாள் முதல் காட்சிக்கு ஓடும் பழக்கம் இல்லை. "நல்லா இருக்காம், போய்ப் பார்" என்று யாராவது சொன்ன பிறகுதான் குடும்பத்தோடு கிளம்புவோம். அதற்குள் படத்தைத் தூக்கிவிடுகிறார்கள். அல்லது வேலை நாளில் மதியம் இரண்டு மணிக்கு ஒரே ஒரு காட்சி மிஞ்சியிருக்கிறது. பெரிய நடிகரின் படத்துக்கு இந்தக் கதி வருவதில்லை. குடும்பமாய் உட்கார்ந்து சிரிக்கிற சின்னப் படங்களுக்குத்தான் வருகிறது.

'லப்பர் பந்து' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் வந்தது. தமிழரசன் பச்சமுத்துவுக்கு அதுதான் முதல் படம். ஹரிஷ் கல்யாணும் 'அட்டகத்தி' தினேஷும் ரப்பர் பந்து கிரிக்கெட்டுக்காக முறைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் காதலிப்பதோ மற்றவரின் மகளை. கேட்டால் சின்னக் கதைதான். ஆனால் விஜயகாந்த் பாட்டு ஒலிக்க தினேஷ் மட்டையோடு இறங்கும்போது அரங்கமே ஆடியது. எனக்கு அதைவிடப் பிடித்தது தினேஷின் மனைவியாக வரும் சுவாசிகாதான். வேலையை விட்டுவிட்டு ஆடப் போகும் கணவன் மீது அவருக்கு வரும் கோபத்தில் ஒரு துளிகூட நடிப்பாகத் தெரியவில்லை. சாதியைப் பற்றியும் படம் பேசுகிறது. பிரசங்கம் செய்யாமல் பேசுகிறது. கிரிக்கெட்டே தெரியாத என் மலாய்த் தோழி மலாய் வசன வரிகளைப் படித்துக்கொண்டே, அந்தக் கணவன் மனைவி சண்டைக்கு எங்களைவிட அதிகமாகச் சிரித்தாள்.

'டூரிஸ்ட் ஃபேமிலி' 2025 மே 1 அன்று, சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அதே நாளில் வந்தது. அபிஷன் ஜீவிந்துக்கும் அது முதல் படம். பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான் அதற்குக் கூட்டம் சேர்ந்தது. இலங்கையிலிருந்து வந்து சென்னையில் ஒளிந்து வாழும் குடும்பம், தங்கள் பேச்சு காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயப்படுகிறது. பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் யாழ்ப்பாணத்து வேர் கொண்ட குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கிற ஊர் இது. இங்கே இந்தப் படத்துக்கு இன்னும் நல்ல நேரம் கிடைத்திருக்க வேண்டும். பிற்பாதியில் கண்ணீர் கொஞ்சம் அதிகம்தான், சரி. சசிகுமாரும் சிம்ரனும் அதையும் தாங்கிவிடுகிறார்கள்.

மணிகண்டன் நடித்த 'குடும்பஸ்தன்' எனக்கு இன்னும் நெருக்கம். வேலை போனதை வீட்டில் மறைத்துக் கடன் மேல் கடன் வாங்குகிறவனின் கதை. மாத வீட்டுத் தவணை கட்டுகிற யாருக்கும் அந்தச் சிரிப்பு புரியும்.

'மதகஜராஜா' மட்டும் வேறு ரகம். 2013 பொங்கலுக்கு வர வேண்டிய படம் 2025 பொங்கலுக்கு வந்து வென்றது. சந்தானம் வருமிடமெல்லாம் சிரித்தேன். கதாநாயகிகளைக் காட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை, பிள்ளைகளோடு பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் பன்னிரண்டு ஆண்டுப் பழைய படத்துக்கே கூட்டம் வருகிறது என்றால், மக்கள் சிரிக்க எவ்வளவு ஏங்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

நம் நாட்டுப் படங்களுக்காவது தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸின் 'வாஜிப் தாயாங்' என்ற கட்டாயத் திரையிடல் திட்டம் இருக்கிறது. விமலா பெருமாளின் 'வெட்டி பசங்க', ஷாலினி பாலசுந்தரத்தின் 'கீதையின் ராதை' போன்ற இலகுவான படங்கள் இங்கேயும் எடுக்கப்பட்டவைதான். இன்னும் நிறைய வர வேண்டும், அவற்றுக்கும் மாலைக் காட்சி வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வரும் சின்னப் படங்களுக்கோ எந்தப் பாதுகாப்பும் இல்லை. அது முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. இப்படிப்பட்ட படத்துக்கு இரண்டு வாரம் கொடுங்கள். இரண்டாவது வாரத்தில் ஒரே காட்சி என்றாலும் அது இரவு ஏழு மணிக்குப் பிறகு இருக்கட்டும். சனி, ஞாயிறில் ஒரு பகல் காட்சியும் சேரட்டும். வேலை முடிந்து எல்ஆர்டி ரயில் பிடித்து வீட்டுக்குப் போய், அம்மாவை அழைத்துக்கொண்டு வர எங்களுக்கு அந்த நேரம் தேவை. முதல் மூன்று நாள் வசூலை மட்டும் பார்த்து இந்தப் படங்களை எடை போடாதீர்கள். எங்களைப் போன்றவர்கள் நான்காம் நாளுக்குப் பிறகுதான் வருவோம்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து ஒரு ரசிகை