செயலாளர் ஆண்டறிக்கை: கிலோ காய்க்கு எத்தனை யூனிட்?

தலைவர் அவர்களுக்கும், மாதவரம், புழல், செங்குன்றம் பக்கமிருந்து வந்திருக்கும் பசுமைக்குடில் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சந்தா பாக்கியைப் பொருளாளர் வாசிப்பார். அதில் நான் வாய் திறக்கப் போவதில்லை.

இந்த ஆண்டு உருப்படியாகச் செய்த வேலை, பசுமைக்குடிலில் செலவாகும் மின்சாரத்தை அளந்ததுதான். "விவசாய இணைப்புக்குக் கரண்ட் இலவசம், அளந்து என்ன ஆகப்போகிறது?" என்று முதல் கூட்டத்திலேயே கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் மொட்டைமாடியில் குடில் போட்டவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இலவச இணைப்பு உள்ளவர்களுக்கும் கரண்ட் போனால் டீசல் காசு கையிலிருந்துதான் போகிறது.

ஆகவே ஃபேனுக்கும் பம்புக்கும் தனித்தனி சப்-மீட்டர் வைத்து, ரீடிங்கை அறுவடை எடையோடு சேர்த்து எழுதச் சொன்னோம். பில்லை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். காய் குறைந்த மாதத்தில் பில்லும் குறையலாம். ஆனால் கிலோவுக்கு ஆகும் யூனிட் ஏறியிருக்கும். வெள்ளரிக் குடில்களில் இதைக் கண்ணால் பார்த்தோம்.

நெதர்லாந்து போன்ற குளிர்நாடுகளில் குடிலைச் சூடாக்கத்தான் பெருஞ்செலவு. இரவில் திரை இழுத்து வெப்பத்தைக் காக்கிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துத் திரை விலை கேட்கும் தம்பிகள் சற்று பொறுக்கவும். நம் தலைவலி குளிர்விப்பது.

அதிலும் நமக்குக் கடல் பக்கம். முற்பகலில் காற்று வறண்டிருக்கும்போது ஈரப் பேடு, அதாவது தண்ணீர் ஆவியாகி உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் நனைந்த அட்டை, நன்றாக வேலை செய்கிறது. கடற்காற்று எழுந்தபின், 33 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், எவ்வளவு நல்ல பேடானாலும் சுமார் 28 டிகிரிக்குக் கீழே இறக்காது. மோட்டார் மட்டும் அதே யூனிட்டைத் தின்னும். அந்த நேரத்தில் பேடு பம்பை நிறுத்தி, பக்கத் திரையைச் சுருட்டி, மேலே நிழல்வலை இழுத்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. பேடு விற்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சரி.

அப்புறம் ஃபேன். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். காற்று ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். இதற்கு மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி கருவி வேண்டும், மூன்று பேஸ் மோட்டார் வேண்டும். சிங்கிள் பேஸ்காரர்கள் இரண்டு ஃபேனில் ஒன்றை அணைத்துப் பார்க்கலாம். எல்லோருமே பெல்ட் தளர்ச்சியையும் இறக்கையில் படியும் தூசியையும் கவனிக்கவும். மணலிப் பக்கத் தூசி சாமானியமானதல்ல.

அடுத்த ஆண்டு பம்புகளை எடுத்துக்கொள்ளலாம். சங்கத்தின் கிளாம்ப் மீட்டரை (வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வாங்கிப் போகிறவர் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரவேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். தற்போது அது யாரிடம் இருக்கிறதோ, அவர் இன்றே கொடுத்துவிட்டால் நல்லது.