பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே கை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உள்ளூர் வரலாற்றைச் சேர்த்து வைக்கும் ஆவணக் காப்பகங்களைப் பற்றிச் செய்தி வருவதே அபூர்வம். வந்தால் ஒன்று திறப்பு விழாவாக இருக்கும், இல்லையென்றால் மூடப்போகிறார்கள் என்ற தகவலாக இருக்கும். நடுவில் இருக்கும் அத்தனை வருடமும் அந்த இடம் யார் பணத்தில், யார் உழைப்பில் ஓடுகிறது என்று நாம் கேட்பதே இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வீட்டில் இருக்கும் பழைய தாள்களைக் காப்பகத்துக்குக் கொடுங்கள் என்றால், "எங்கள் வீட்டில் அப்படி என்ன பெரிய ஆவணம் இருக்கப்போகிறது" என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நினைத்துப் பாருங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வியாபாரத் தரகராகவும் இருந்தவர், 1736 முதல் 1761 வரை எழுதியிருக்கிறார், அவர் இறந்து எண்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு 1846இல்தான் அது வெளியே தெரியவந்தது. அதுவரைக்கும் அது ஒரு குடும்பத்துப் பழைய கணக்கு நோட்டுகளோடு சேர்ந்த ஒன்றுதான், வீட்டை ஒழிக்கிறேன் என்று யாராவது தூக்கிப் போட்டிருந்தால் அந்தக் காலத்து அரசியல், வியாபாரம், விலைவாசி என்று இன்று நாம் படிக்கும் எவ்வளவோ போயிருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா விஷயமும் அப்படித்தான். பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியராக ஆரம்பித்தவர், புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கசக்கிப் போடுவதையும் சேர்த்தார். 1992இல் அவர் காலமானதும் அந்தச் சேகரிப்பு சிதறிப் போகாமல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால்தான் 1994இல் அவர் பெயரிலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. எல்லாச் சேகரிப்புக்கும் அப்படி ஒரு பல்கலைக்கழகம் வந்து நிற்காது. மற்றவற்றுக்கு நாம்தான் நிற்க வேண்டும்.

சரி, பணம். நன்கொடை தருகிறவர்களுக்குக் கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது வாங்கித் தரத்தான் ஆசை: அலமாரி, ஸ்கேனர், கல்வெட்டில் பெயர். தப்பில்லை, ஆனால் காப்பகம் திணறுவது வேறு இடத்தில். மின்கட்டணம், பூச்சி தடுப்பு, ஒழுகும் கூரை, அமிலம் இல்லாத உறைகளும் பெட்டிகளும், எல்லாவற்றுக்கும் மேலாக உட்கார்ந்து பட்டியல் போடுகிறவரின் சம்பளம். பட்டியல் இல்லாத ஆவணம் இருந்தும் இல்லாத மாதிரிதான், தேடி வருகிறவர் கையில் அது சிக்கவே சிக்காது. ஸ்கேன் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. ஹார்டு டிஸ்க் பழுதாகும், கோப்பு வடிவங்கள் மாறும், அதனால் சில வருடங்களுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் புதிதாக நகலெடுத்து, ஒரு பிரதியை வேறு ஊரில் வைக்க வேண்டும். இந்தச் செலவு ஒரு நாளும் நிற்பதில்லை. ஆகவே ஒரே தடவை பெரிய தொகை தருவதைவிட, சின்னத் தொகையாக இருந்தாலும் மாதா மாதம், இதற்குத்தான் என்று நிபந்தனை போடாமல் தருவது அவர்களுக்குப் பல மடங்கு உதவும். அடுத்த வருடம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் ஒருவரை வேலைக்கு வைக்க முடியும்.

பதிலுக்கு நாமும் கேட்கலாம், கேட்க வேண்டும். வரவு செலவுக் கணக்கை வருடா வருடம் வெளியிடச் சொல்லுங்கள். பொருளைக் கொடுக்கும்போது அது முழு உரிமையோடு தருவதா, ஸ்கேன் செய்துவிட்டுத் திரும்பத் தருவதா, யார் பார்க்கலாம், காப்பகம் மூடப்பட்டால் அது எங்கே போகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அடுத்தவர் குடும்ப விவகாரம் இருக்கும் கடிதங்களை இத்தனை வருடம் வரை யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லியும் கொடுக்கலாம். இதெல்லாம் பேசாமல் விடுவதால்தான் பேரப்பிள்ளைகள் காலத்தில் சண்டை வருகிறது.

கொடுப்பதற்கு முன் தயவுசெய்து அழகுபடுத்தாதீர்கள். செலோடேப் ஒட்ட வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம், சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. பழைய செய்தித்தாள் மரக்கூழில் செய்தது, வெளிச்சமும் ஈரமும் பட்டால் மஞ்சளாகி நொறுங்கும், அதை அப்படியே தட்டையாக வைத்து எடுத்துப் போங்கள். எது எந்தக் கட்டில் இருந்ததோ அந்த வரிசையைக் கலைக்காதீர்கள், அந்த வரிசையே ஒரு தகவல். கேசட்டுகள் இருந்தால் அவற்றை முதலில் கொடுங்கள், நாடாவும் கெடுகிறது, ஓட்டிக் கேட்கிற கருவிகளும் மறைந்துகொண்டிருக்கின்றன.

எனக்கு இதில் மிகவும் கவலையாக இருப்பது புகைப்படங்கள். பள்ளி வகுப்புப் படம், தொழிற்சங்கக் கூட்டம், வெள்ளம் வந்த தெரு, நாற்பது ஐம்பது முகங்கள், பின்னால் ஒரு எழுத்துகூட இல்லை. காகிதத்தைக் காப்பாற்ற நாளைக்குக்கூடப் பணம் வரலாம். "மூன்றாவதாக நிற்கிறாரே, அவர் இன்னார், அந்தக் கட்டடம் இன்ன இடம்" என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு எண்பது வயது ஆகிவிட்டது. அவர்கள் போய்விட்டால் எத்தனை கோடி கொட்டினாலும் அந்தப் பெயர்கள் திரும்பாது. பணம் கொடுக்க வசதியில்லை என்று ஒதுங்குகிறவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான்: வீட்டுப் பெரியவரை அழைத்துப் போய் ஒரு மத்தியானம் அந்தப் படங்களோடு உட்கார வையுங்கள், அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள், படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் லேசாகக் குறியுங்கள், பேனா வேண்டாம். பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள், தட்டச்சு தெரிந்த மாணவர்கள், எல்லாருக்கும் அங்கே வேலை இருக்கிறது.

இப்படி ஊர் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. யாழ்ப்பாணம் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போயின, அவற்றில் பலவற்றுக்கு வேறெங்கும் பிரதி கிடையாது. அந்த இழப்பை மறக்காத தலைமுறையிலிருந்துதான் 2005இல் நூலகம் என்ற மின்னூலகத்தைத் தன்னார்வலர்கள் தொடங்கினார்கள், இன்று இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையோ சிறு மலரோ தேடுகிறவர்கள் முதலில் போய்ப் பார்ப்பது அங்கேதான். ஜெர்மனியில் கொலோன் நகர ஆவணக் காப்பகக் கட்டடம் 2009 மார்ச்சில் இடிந்து விழுந்தபோதும் இடிபாட்டிலிருந்து எடுத்த தாள்களைச் சுத்தம் செய்ய ஏராளமான தன்னார்வலர்கள் வந்தார்கள். நம் காப்பகங்களுக்கு இடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லையே.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்கி, ஏதாவது ஓர் உள்ளூர் காப்பகத்தில் அடையாளம் தெரியாமல் கிடக்கும் ஒரு படத்தை, முகங்கள் தெளிவாகத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக அச்சிடுங்கள். செல்போன் திரையில் பார்க்கச் சிரமப்படும் பெரியவர்கள் தாளில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். வரும் பதில்களை அந்தந்தக் காப்பகத்துக்கு அனுப்பிவையுங்கள், அதே பக்கத்தின் அடியில் அவர்களுக்கு எப்படி நன்கொடை அனுப்புவது என்பதையும் இரண்டு வரியில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்