மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு பழங்காலச் சந்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மண்டபம் அருகே வேதாளையில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பணிபுரியும் மகன் வீட்டில் நான்கு மாதங்கள் தங்கிவிட்டு, பொங்கலுக்கு முன்னர் நானும் என் மனைவியும் ஊர் திரும்பினோம். பூட்டிக் கிடந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி, உப்புக்காற்றில் துருவேறிய வாசற்கதவின் கீல்களை மாற்றி, கிணற்றை இறைத்து, வாழ்க்கை பழைய தடத்துக்கு வர ஒரு மாதம் ஆயிற்று. அமெரிக்காவில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்கும் அக்கம்பக்கத்தார், நான் ஹூஸ்டன் விண்வெளி மையத்தைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நானோ நவம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் என் பேத்தி எங்களை அழைத்துச் சென்ற ஒரு சந்தையைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தங்கள் நாளிதழ் வழியாக நம் மாவட்டத்தாருக்கும் அதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு.

ஹூஸ்டனுக்கு வடமேற்கே டாட் மிஷன் என்னும் சிற்றூரில், 1974 முதல் ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களின் வார இறுதி நாட்களில் இந்த மறுமலர்ச்சிக் காலச் சந்தை கூடுகிறது. பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலேய ஊர் ஒன்றைப் போல மரங்களுக்கிடையே தெருக்களும் கடைகளும் அரங்குகளும் கட்டிவைத்திருக்கிறார்கள். கவசம் பூண்ட வீரர்கள் குதிரைமேல் நீண்ட ஈட்டிகளுடன் எதிரெதிரே பாய்கிறார்கள். கொல்லர் உலையை ஊதுகிறார். நூலை மெழுகில் முக்கி முக்கி எடுத்து மெழுகுவத்தி செய்யும் இடத்தில் குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள். வந்தவர்களில் பலர் தாங்களே பழங்கால உடை தைத்து அணிந்திருந்தனர். எல்லோர் கையிலும் இருந்த சுட்ட வான்கோழிக் கால் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. குழம்பில் வேகாத இறைச்சி எங்கள் பக்கத்து நாக்குக்கு ஏறுவதில்லை.

அன்று நான் வேட்டி, துண்டுடனும் என் மனைவி அரக்குநிறக் கண்டாங்கிச் சேலையுடனும் சென்றிருந்தோம். நாங்களும் வேடமிட்டு வந்தவர்கள் என்று எண்ணிய வாயிற்காவலர் வேடக்காரர் ஒருவர், தொப்பியைக் கழற்றி இடுப்பு வளைய வணங்கி, எந்த நாட்டு அரசவையிலிருந்து வருகிறீர்கள் என்று பழைய ஆங்கில நடையில் கேட்டார். என் பேத்தி சற்றும் தயங்காமல் ராமநாதபுரம் என்றாள். உடனே அவர், ராமநாதபுரத்து அரசரும் அரசியும் எழுந்தருளுகிறார்கள் என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி உரக்க அறிவித்துவிட்டார். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மரபினர் பொறுத்தருள வேண்டும்.

சிரித்துவிட்டு வந்தாலும், காரில் திரும்பும்போது பேத்தி கேட்ட கேள்விக்கு என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. ‘தாத்தா, அந்தக் காலத்தில் நம் ஊரில் என்ன நடந்தது?’ என்றாள். வகுப்பில் முப்பது ஆண்டுகள் எட்டாம் ஹென்றியைக் கற்பித்தவன் நான். அந்த ஹென்றி இங்கிலாந்தை ஆண்டுகொண்டிருந்த 1538ஆம் ஆண்டில்தான் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் சார்பில் வந்த மரைக்காயர்களின் கடற்படையும் போர்ச்சுக்கீசியரும் எங்கள் வேதாளைக் கரையில் மோதிக்கொண்டனர். 1549இல் அந்தோணியோ கிரிமினாலி என்னும் இயேசு சபைத் துறவி கொல்லப்பட்டதும் இதே ஊரில்தான். நான் தினமும் மீன் வாங்கப் போகும் கரை இது. இதைப் பேத்திக்குச் சொல்ல எனக்கு ஹூஸ்டன் வரை போகவேண்டியிருந்தது.

இத்தகைய சந்தைகளுக்கு வித்திட்டவர் ஓர் ஆசிரியை என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. சிறுவர்களுக்கு நாடகம் கற்பித்துவந்த பிலிஸ் பாட்டர்சனும் அவருடைய கணவரும் 1963இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்டுவதற்காக நடத்திய விழாவே இவற்றின் தொடக்கம். அரசு ஆணையை எதிர்பார்த்து அவர்கள் காத்திருக்கவில்லை.

என் கோரிக்கை இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. பள்ளி விடுமுறையும் ஏறக்குறைய அப்போதுதான். 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்ட பிறகு வார இறுதிகளில் வெளியூர் வண்டிகள் சாரிசாரியாக வருகின்றன; சாலைப் பாலத்தில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, தனுஷ்கோடிக்குப் போய்விட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகின்றன. அந்த இரண்டு மாதங்களின் சனி, ஞாயிறு மாலைகளில் அரியமான் கடற்கரையின் சவுக்குத் தோப்பு நிழலில் சேதுபதிகள் காலத்துச் சந்தை ஒன்றை ஊர்மக்களே நடத்தலாம். நமக்கு வேடக்காரர்கள் அதிகம் தேவைப்பட மாட்டார்கள். அங்கே கொல்லுத் தொழிலைப் பலர் பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டு வந்து செய்து காட்டுகிறார்கள். இங்கே படகுப் பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரி வைத்துக் கலப்பத்து அடிக்கும் தச்சர்களும், சங்கில் பொருள்கள் செய்யும் கீழக்கரைக்காரர்களும், ஓலைப்பெட்டியும் கொட்டானும் முடையும் பெண்களும் இன்றும் அதையே பிழைப்பாகச் செய்துவருகிறார்கள். மறவர் நாட்டு வளரி என்னும் வளைதடியை எறிந்து காட்டவும், அதைச் சிறுவர்கள் மரக்கட்டையில் எறிந்து பழகவும் ஒரு திடல் ஒதுக்கலாம். உணவுக்குக் குறைவே இல்லை. தடைக்காலம் நுங்குக்கும் பதநீருக்கும் உரிய பருவம். கீழக்கரைத் தொதல் என்னும் இனிப்பும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் அரைத்த மீன்குழம்பும் இருக்கும்போது வான்கோழிக்கு இங்கே வேலை என்ன? குழம்புக்கு மீன் எங்கே என்று கேட்பவர்களுக்கு, நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

இரண்டு அச்சங்களையும் சொல்லிவிட வேண்டும். இதை ராமலிங்க விலாசம் அரண்மனைக்குள் நடத்தலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் ஏற்கக்கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டப்பட்ட அந்தச் சுவரோவியங்கள் கூட்டத்தின் மூச்சுக்காற்றையும் தோள் உரசலையும் தாங்க மாட்டா. சந்தைக்கு வருபவர்கள் மறுநாள் காலையில் பத்துப் பத்துப் பேராக அங்கே சென்று, ஐரோப்பியரைச் சேதுபதி வரவேற்கும் காட்சியை நிதானமாகப் பார்த்துவரட்டும். மற்றொன்று ஒலிபெருக்கி. சில ஆண்டுகளுக்கு முன் நான் சென்ற ஒரு பொருட்காட்சியில், பேச்சும் பாட்டும் காதைப் பிளந்ததில், கடைக்காரர் சொன்ன விலைகூடக் காதில் விழவில்லை. அமெரிக்கச் சந்தையில் கொல்லரின் சுத்தியல் ஓசை இரண்டு தெரு தள்ளிக் கேட்டது.

மே மாதக் கடைசியில் பேத்தி ஊருக்கு வருகிறாள். இந்த ஆண்டே சந்தை கூடிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனவே கரையேற்றிய படகுகளில் வேலை செய்யும் தச்சர் ஒருவரிடம் அவளை அழைத்துவர அனுமதி கேட்டு வைத்திருக்கிறேன். வெயில் ஏறுவதற்குள், காலை ஏழு மணிக்கு முன்னர் வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
வேதாளை, ராமநாதபுரம் மாவட்டம்.