நீ கேட்ட சொல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்பு போலத்தான். மாடிப்படி ஏறாதே என்றால் உடனே ஏறுகிறாள். உன் கடிதம் வந்து சேர்ந்தது. உறையின் பின்பக்கத்தில் புது முகவரியைப் பார்த்தேன். வீடு மாறப்போவதாக நீ முன்னால் எழுதவில்லை. சரி, அவசரமாக மாற வேண்டி வந்திருக்கும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

பள்ளிப் பிள்ளைகளுக்கான தாவரவியல் நூலைத் தமிழாக்கும் வேலை உன்னைத் தேடி வந்ததை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நானும் ஒன்றிரண்டு பேரிடம் சொன்னேன், அவர்களாகக் கேட்டதால். 'தாவரம்' என்று எழுதுவதா 'நிலைத்திணை' என்று எழுதுவதா, தாவரம் எங்கிருந்து வந்த சொல் என்று கேட்டிருக்கிறாய். பத்திர எழுத்தரின் மகள் இதைக் கேட்கலாமா? நான் சொல்லச் சொல்ல எத்தனை கிரயப் பத்திரங்களுக்கு நகல் எழுதியிருக்கிறாய்! 'ஸ்தாவர ஜங்கம சொத்துக்கள்' என்ற தொடரைத் தூக்கத்தில்கூட எழுதுவாயே. அந்த ஸ்தாவரம்தான் இந்தத் தாவரம்.

வடமொழியில் 'ஸ்தா' என்பது நிற்பதைக் குறிக்கும் வேர். ஸ்தானம், ஸ்திரம், ஸ்தாபனம் எல்லாம் அதில் கிளைத்தவை. நிற்பது ஸ்தாவரம். சொல்லின் தொடக்கத்தில் வரும் அந்த 'ஸ்' தமிழ் வாய்க்கு ஆகாது, உதிர்த்துவிடும். ஸ்தலம் தலம் ஆயிற்று, ஸ்தம்பம் தம்பம் ஆயிற்று, ஸ்தாவரம் தாவரம் ஆயிற்று. எதிர்ச்சொல்லான ஜங்கமத்துக்கு வேர் 'கம்', அதாவது போவது. திருவாசகத்தில் சிவபுராணம் உனக்கு மனப்பாடம்தானே? 'செல்லாஅ நின்ற இத் தாவர சங்கமத்துள்' என்ற அடியை நினைத்துப் பார். புல், பூடு, புழு, மரம் என்று பிறவிகளை அடுக்கிக்கொண்டு போய் அங்கே வந்து நிற்கும். அந்தச் சங்கமம் ஆறுகள் கூடும் சங்கமம் அன்று. ஜங்கமத்தின் ஜகரம் சகரமாகியிருக்கிறது, அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்களே இதில் இடறக் கேட்டிருக்கிறேன்.

ஒன்றைக் கவனி. அந்த அடுக்கில் 'கல்லாய்' என்றும் வருகிறது. கல்லும் மலையும்கூட ஒரு காலத்தில் ஸ்தாவரம்தான். எது அசையாதோ அதெல்லாம் அதில் அடக்கம். பிறகு தாவரம் என்றால் மரஞ்செடிகொடி மட்டுமே என்று பேச்சிலும் பாடப்புத்தகத்திலும் பொருள் சுருங்கிவிட்டது. பழைய பொருள் எங்கள் பத்திரங்களில்தான் தங்கியது. அங்கே வீடும் மனையும் இன்னும் ஸ்தாவரம். கிரேக்கர்கள் செடிக்குப் பெயர் வைத்தபோது வளர்வதைப் பார்த்தார்கள். நம் பக்கத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு நம் பார்வைதான் பிடிக்கிறது.

நிலைத்திணை நல்ல சொல்தான், குறை சொல்ல மாட்டேன். அதிலும் இருப்பது நிற்றல்தான். விலங்குகளுக்கு இயங்குதிணை என்று ஜோடியும் உண்டு. ஆனால் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது தாவரவியல். நூல் முழுக்கத் தாவரம் என்றே எழுது, ஓரிடத்தில் நிலைத்திணையைச் சொல்லிவிடு. அதோடு தொல்காப்பிய மரபியலையும் விடாதே. புல்லும் மரனும் ஓரறிவினவே என்கிறார் தொல்காப்பியர், அதாவது தொட்டால் அறியும் அறிவு மட்டும். வயிரம், அதாவது தண்டின் கெட்டியான பகுதி, வெளிப்பக்கம் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். காழ் என்பது அந்த வயிரம்தான்: புறக்காழ், அகக்காழ். பனையும் தென்னையும் மூங்கிலும் அந்தக் கணக்கில் புல். இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லோடு சேர்த்து விதையில் ஒரே இலை கொண்ட ஒருவித்திலைப் பிரிவில்தான் வைக்கிறது, உனக்குத் தெரியும். பனைமரத்தைக் காட்டி இது புல் என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

இனி நீ எந்தத் தாவரவியல் வகுப்பிலும் கேட்டிராத ஒன்று. நிற்பதனாலேயே பெயர் பெற்ற தாவரத்தைச் சட்டம் அப்படியே ஸ்தாவரமாக ஏற்பதில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில், வெட்டுமரமாக நிற்பதும் வயலில் நிற்கும் பயிரும் புல்லும் அசையாச் சொத்தில் சேரா. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மரத்தில் தொங்கும் பழத்தையும் மரத்துக்குள் இருக்கும் சாற்றையும்கூட அசையும் சொத்து என்கிறது. அப்படியானால் மரம் எது, வெட்டுமரம் எது? எண்ணத்தைப் பொறுத்தது என்றுதான் நீதிமன்றங்கள் சொல்லிவந்திருக்கின்றன. சீக்கிரம் வெட்டிவிடும் எண்ணத்தோடு விட்டுவைத்தால் அது ஜங்கமம். இன்னும் மண்ணில் உண்டு வளரட்டும், காய்க்கட்டும் என்று விட்டால் ஸ்தாவரம். மரம் என்னவோ அதே இடத்தில் நிற்கும். மரத்தோடு தோப்பு விற்க வந்தவர்களிடம் முதல் வேலையாக இதைத்தான் கேட்பேன். பலர் அதுவரை யோசித்தே இருக்க மாட்டார்கள். யோசித்துச் சொல்லுங்கள், அவசரம் இல்லை என்று எதிரே உட்கார வைப்பேன். முத்திரைத்தாள் வாங்கிய பிறகு மனம் மாறினால் வீண் செலவு.

எருக்கு விதை பஞ்சு கட்டிக்கொண்டு பறக்கிறதே, தொழுகன்னிச் செடி பகலில் தன் சிற்றிலைகளை அசைத்துக்கொண்டே இருக்கிறதே, தாவரத்தை எப்படி நிற்பது என்கலாம் என்று நீ பதில் எழுதுவாய். எதற்கும் உன்னிடம் ஒரு பதில் உண்டு, சின்ன வயதிலிருந்தே. தெரிந்துகொள்ளத்தானே படிக்க வைத்தோம். ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறாய். கேட்காததைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வழக்கமாகக் கடிதத்தின் கடைசியில் அவர் கையெழுத்தில் இரண்டு வரி இருக்கும். இந்த முறை இல்லை, தாளில் இடம் போதவில்லை போலும். பாதிப் பக்கம் காலியாக இருந்தது என்கிறாள் அம்மா. அவளுக்கு எதையும் அளந்து பார்க்கும் பழக்கம். அவருக்கு வேலை அதிகமாக இருக்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

மொழிபெயர்ப்பை இரவில் கண் விழித்துச் செய்யாதே. நேரத்துக்குச் சாப்பிடு, இதை முன்பே எழுதியிருந்தால் இன்னொரு முறை எழுதியதாக வைத்துக்கொள். கீழ் அறைக்கு வெள்ளையடித்திருக்கிறோம். சுவரில் ஈரம் ஏறியிருந்தது, அதனால்தான். உன் பழைய மேசையை அங்கேயே ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கிறேன், வேறு இடத்தில் அது அடங்கவில்லை.

அகராதியின் முதல் தொகுதியைத் தனியே தபாலில் அனுப்புகிறேன். உறையில் முகவரி பாதி அழிந்திருக்கிறது, எனவே முழுவதையும் தெளிவாக எழுதி அனுப்பு. யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா