கேட்டால் மட்டும் போதாது, பரிசோதிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இரு கிராமங்களைச் சேர்ந்த 650 பெண்களைப் பரிசோதித்து மருத்துவர் ராணி பங் குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்ததும், அதற்குமுன் 8 விழுக்காட்டினரே பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றிருந்ததும் தெரியவந்தது. தங்களுக்குத் தொந்தரவு இருப்பதாகச் சொன்னவர்களோ 55 விழுக்காட்டினர்தாம். இந்த இடைவெளிதான் என்னை மிகவும் கலங்கச் செய்கிறது. ஏனெனில், வெள்ளைப்படுதல் உள்ளதா என்று கேட்டு, அறிகுறியை மட்டும் வைத்து மாத்திரை தரும் முறையில், பாலுறவால் பரவும் கிளமிடியா போன்ற, பெரும்பாலும் அறிகுறி காட்டாத தொற்றுகள் தப்பிவிடுகின்றன. பாலுறவால் பரவும் மற்றொரு தொற்றான சிபிலிஸ் கர்ப்பிணிக்கு இருந்து கவனிக்கப்படாவிட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கக்கூடும். பென்சிலின் ஊசியால் அதைத் தடுக்க முடியும். எனவே, முதல் கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை ஒருவருக்கும் விடுபடாமல் நடப்பதையும், மறைவான அறையில் பெண் ஊழியர் பரிசோதிப்பதையும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உறுதிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி