மைக்ராஸ்கோப்பைச் சூரியனுக்குக் காட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் வந்த நுண்ணோக்கி செய்முறையைப் படித்தேன். நடை எளிமை, படங்களும் நன்று. ஆனால் சில வரிகளை நீங்கள் திருத்தியே ஆக வேண்டும்.

முதலில், ‘சூரிய ஒளி நன்றாக விழும்படி அடியிலுள்ள கண்ணாடியைத் திருப்பவும்’ என்ற வரி. பிள்ளைகள் இதைப் படித்தால் கருவியை வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சூரியனையே பிடிப்பார்கள். அந்த வெயில் லென்ஸ் வழியாகக் குவிந்து நேரே விழித்திரைக்குப் போகும். லென்ஸ் போனால் வேறு வாங்கலாம், விழித்திரை போனால் போனதுதான். நமக்கு வேண்டியது வானத்து வெளிச்சம். நேர் வெயில் படாத சன்னலோர மேசை போதும், இல்லாவிட்டால் ஒரு மேசை விளக்கு. ஸ்லைடுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சர் லென்ஸ் உள்ள கருவிக்குச் சமதளக் கண்ணாடி, இல்லாததற்குக் குழியாடி.

அடுத்தது, ‘கண்ணை வைத்துப் பார்த்தபடியே பெரிய திருகைத் திருகி லென்ஸை இறக்கவும்’ என்பது. இதைப் படித்ததும் எனக்கு ஸ்லைடு நொறுங்கும் சத்தமே கேட்டது. 40 மடங்கு லென்ஸ் ஸ்லைடுக்கு மேலே அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளியில்தான் நிற்கும். 100 மடங்கு லென்ஸுக்கு அதுவும் கிடையாது, 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர்தான். ஐபீஸில் கண்ணை வைத்திருப்பவருக்கு லென்ஸ் எங்கே வந்து நிற்கிறது என்று எப்படித் தெரியும்? குனிந்து பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே 10 மடங்கு லென்ஸை ஸ்லைடுக்கு நெருக்க வேண்டும். அப்புறம் கண்ணை வைத்து, மெல்ல விலக்கிக்கொண்டே வந்தால் உருவம் தெளியும். புதிய கருவிகளில் லென்ஸ் இறங்காது, ஸ்லைடு வைக்கும் மேடைதான் ஏறும், முறை அதேதான். 40க்கு மாறிய பிறகு சின்னத் திருகு மட்டும்.

10இல் பளிச்சென்று தெரிந்தது 40இல் எவ்வளவு திருகியும் தெரியவில்லையா? ஸ்லைடு தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லைடின் கனமே சுமார் ஒரு மில்லிமீட்டர். அதைத் தாண்டி 40 எட்டாது. விடாமல் திருகினால் ஏதாவது ஒன்று உடையும்.

எண்ணெய் லென்ஸைப் பற்றிக் கட்டுரையில் ஒன்றுமில்லை. பள்ளிக்கு அவசியமில்லைதான், ஆனாலும் கல்லூரி மாணவர்களும் உங்கள் பக்கத்தைப் படிக்கிறார்கள். மலேரியா, காசநோய்க்கான சளிப் பரிசோதனை எல்லாம் 100இல் எண்ணெய் விட்டுத்தான் பார்ப்போம். நான் பார்த்தவரை அதிகம் பாழாவது 100 அல்ல, பக்கத்திலிருக்கும் 40தான். ஸ்லைடில் எண்ணெய் இருக்கும்போதே பழக்கதோஷத்தில் 40ஐத் திருப்பினால் அது எண்ணெயில் தோய்ந்துவிடும். எண்ணெயில் இறங்குவதற்காகச் செய்த லென்ஸ் அல்ல அது. படம் மங்கும், ‘லென்ஸ் பழசாகிவிட்டது’ என்று ஓரங்கட்டிவிடுவார்கள். வேலை முடிந்ததும் 100ஐ லென்ஸ் பேப்பரால் ஒற்றி எடுங்கள். கைக்குட்டையும் வேட்டி முனையும் வேண்டாம், தூசி கீறிவிடும். பிசுக்கு போகாவிட்டால் பேப்பரில் ஒரு துளி சைலீன் என்ற கரைப்பான். ஊற்றிக் கழுவினால் லென்ஸை ஒட்டியிருக்கும் பசையே கரையும்.

கடைசியாக, ‘பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியில் பூட்டி வைக்கவும்’. எங்கள் நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க இப்படிப் பூட்டி வைத்தால், தை மாதம் திறக்கும்போது லென்ஸில் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். துடைத்தாலும் சில சமயம் கண்ணாடியில் தடம் நின்றுவிடும். தூசிக்கு உறை தேவைதான், ஆனால் அலமாரிக்குள் ஈரம் தங்கக் கூடாது. அதற்காகத்தான் பழைய ஆய்வகங்களில் அலமாரிக்குள்ளே, உறையில் படாத தூரத்தில், ஒரு சின்னக் குண்டு பல்பு எரியும். இப்போது யாரோ நல்லெண்ணத்தில் அங்கே எல்ஈடி மாட்டிவிடுகிறார்கள். வெளிச்சம் வரும், சூடு வராதே! பல்பு வசதி இல்லையென்றால் ஈரத்தை உறிஞ்சும் நீல நிறச் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்கலாம். நீலம் ரோஜா நிறமானால் வறுத்து மறுபடி வைக்க வேண்டும்.

ஈரத்தின் வேலை இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைத் தேடிய ஆங்கிலேய மருத்துவர் ரொனால்ட் ராஸின் மைக்ராஸ்கோப் திருகுகளே அவருடைய வியர்வை பட்டுத் துருப்பிடித்துவிட்டன. மிச்சமிருந்த ஒரே ஐபீஸிலும் விரிசல். அதை வைத்துக்கொண்டுதான் அவர் கண்டுபிடித்தார் என்பது வேறு விஷயம்.

உங்கள் மாணவர் பக்கத்தைப் பல பள்ளிகளில் வெட்டி ஆய்வகச் சுவரில் ஒட்டுகிறார்கள். ஆகவே திருத்தத்தை எங்கோ ஒரு மூலையில் இரண்டு வரியாகப் போடாமல், அதே பக்கத்தில் அதே அளவில் படத்தோடு வெளியிடுங்கள். சூரியனைப் பற்றிய எச்சரிக்கை மேலே, பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
நாகப்பட்டினம்