இடப்பக்கப் பெடலின் மரை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அக்டோபரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை நடக்கும் அமாஷோவா சைக்கிள் ஓட்டத்துக்குப் பழகுகிறவர்களுக்காக உங்கள் இதழில் வந்த குறிப்புகளைப் படித்தேன். சாப்பாடு, தண்ணீர், உறக்கம் பற்றிய யோசனைகள் நன்றாக இருந்தன. பெடலைப் பற்றி மட்டும், கிளிப் பெடல் (ஷூவைக் கவ்விப் பிடிக்கும் பெடல்) வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்ற ஒரு வரியோடு நின்றுவிட்டது. மாட்டுவதில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது. பெடல் மலிவு, அதைத் தப்பாக மாட்டினால் கெடுவது அதைவிட விலையான கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை.

வலப்பெடல் வழக்கம்போலக் கடிகார முள் திசையில் இறுகும். இடப்பெடலுக்கு இடமரை; அது எதிர்த்திசையில்தான் இறுகும். ஆக்சிலில், அதாவது பெடலின் அச்சில், எல் (இடம்) அல்லது ஆர் (வலம்) என்று பொறித்திருக்கும், அதைப் பார்க்காமல் கையில் எடுக்காதீர்கள். பெரியவர் சைக்கிள்களில் ஆக்சில் 9/16 அங்குலம். ஒரே கம்பியை வளைத்துச் செய்த கிராங்க் உள்ள சிறுவர் சைக்கிள்களில் பெரும்பாலும் 1/2 அங்குலம். முதல் மூன்று நான்கு சுற்றை விரலாலேயே திருக வேண்டும். விரலுக்கு இறங்காத மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். அங்கே ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் இரும்பு ஆக்சில் அலுமினியக் கிராங்கின் மரையைச் சீவிவிடும். பிறகு புஷ் (உள்வளையம்) போட்டு மரை வெட்ட வேண்டும், இல்லையென்றால் புதுக் கிராங்க்.

இடப்பெடலுக்கு மட்டும் இடமரை வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு பென்சிலை விரல் வளையத்துக்குள் தளர்வாகப் பிடித்து அதன் முனையை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். பென்சில் தானே எதிர்ப்பக்கம் உருளும். மிதிக்கும் பாரம் ஆக்சிலையும் கிராங்குத் துளைக்குள் அப்படித்தான் சிறிது சிறிதாக உருட்டுகிறது. இடப்பக்கம் சாதாரண மரை இருந்தால் ஓட ஓடக் கழன்றுவிடும். விமானம் பறக்கவிடுவதற்கு முன் சைக்கிள் செய்து விற்ற ரைட் சகோதரர்களும் 1900 வாக்கிலேயே தங்கள் வண்டிகளின் இடப்பெடலுக்கு இடமரை வைத்தார்கள்.

எது எந்தப் பக்கம் திரும்பும் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஸ்பானரின் பிடி மேலே நிற்கும்படி மாட்டுங்கள். பின்சக்கரப் பக்கம் தள்ளினால் கழலும், முன்சக்கரப் பக்கம் தள்ளினால் இறுகும். இரண்டு பெடலுக்கும் இதே கணக்கு, கிராங்கின் உள்பக்கத்திலிருந்து ஆலன் கீ (அறுமுகச் சாவி) போட்டாலும் இதே கணக்குத்தான். 15 மில்லிமீட்டர் பெடல் ஸ்பானர், அல்லது பெடலுக்கு ஏற்றபடி 6 அல்லது 8 மில்லிமீட்டர் ஆலன் கீ வேண்டும். இறுக்கம் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர்.

மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டவே கூடாது. நம்மூர்க் கடற்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து இரும்பும் அலுமினியமும் தொடும் இடத்தை அரித்து ஒட்டவைத்துவிடும். அப்படிப் பிடித்துக்கொண்ட பெடலுக்குக் கிராங்கின் பின்பக்கத் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் செயினைப் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றுங்கள். கை வழுக்கினாலும் பல் கிழிக்காது. கிராங்கை முன்னோக்கிக் கிடையாக நிறுத்தி, ஸ்பானரின் பிடி பின்னோக்கிக் கிராங்குக்குச் சற்று மேலே படுத்திருக்கும்படி மாட்டி, இரண்டையும் சேர்த்து ஒரே கையால் நெருக்குங்கள். சுத்தியலால் அடிப்பதைவிட இது நல்ல வழி.

இனி எந்தப் பெடல் என்பது. தட்டைப் பெடலில் சிறு முட்கள் ஷூவின் அடிப்பாகத்தைப் பற்றிக்கொள்ளும்; வேலைக்கும் கடைக்கும் போக இதுவே போதும், அமாஷோவாவையும் இதில் முடிக்கலாம். கால்விரல் கூடும் வாரும் உள்ள பழைய வகையை இப்போது சிபாரிசு செய்ய மாட்டேன். அவசரத்தில் வாரைத் தளர்த்தக் கை போக வேண்டும். ஷூவின் அடியில் திருகிய கிளீட் என்னும் சிறு துண்டைப் பெடலின் ஸ்பிரிங் கவ்வுவதுதான் கிளிப் வகை. பிரான்சின் லுக் நிறுவனம் பனிச்சறுக்குப் பூட்டிலிருந்து 1984-இல் இதைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு சைக்கிள் வீரர் பெர்னார் இனோ அதைப் போட்டுக்கொண்டு டூர் டி பிரான்ஸை வென்றார். மூன்று திருகு உள்ள இந்த வகைக் கிளீட் பெரியது, அடியில் துருத்திக்கொண்டிருக்கும், டைல்ஸ் தரையில் வழுக்கும். ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1990-இல் கொண்டுவந்த இரண்டு திருகு எஸ்.பி.டி. கிளீட் ஷூ அடியின் பள்ளத்துக்குள் அடங்கும், நடக்கலாம். புதியவர்களுக்கு இதுவே ஏற்றது.

கிளிப் போட்டால் காலை மேலே இழுத்து வேகம் கூட்டலாம் என்பார்கள். அதில் கிடைப்பது சொற்பம். இஞ்சாங்கா, போத்தாஸ் ஹில் ஏற்றங்களில் எழுந்து மிதிக்கும்போது கால் நழுவாமல் ஒரே இடத்தில் நிற்பதுதான் அதன் உண்மையான பயன்.

எஸ்.பி.டி. பெடலின் ஸ்பிரிங்கை 3 மில்லிமீட்டர் ஆலன் கீயால் முழுக்கத் தளர்த்திவிட்டுப் பழகுங்கள். இரண்டு பக்கமும் கவ்வும் பெடலானால் மொத்தம் நான்கு திருகு. நான்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கால் விடுபடும். இதை ரோபோட்டில் (போக்குவரத்து விளக்கில்) நின்ற பிறகு செய்யக் கூடாது, வண்டி உருளும்போதே செய்துவிட வேண்டும். பெருவிரல், சுண்டுவிரல் எலும்பு முட்டுகளைத் தடவிப் பார்த்து அவற்றுக்கு நடுவே கிளீட்டை வையுங்கள்.

மிக ஆபத்தானது கிளீட்டின் ஒரு திருகு தளர்வது. அப்போது குதிகாலைத் திருப்பினால் ஷூ மட்டும் கிளீட்டின் மேல் சுழலும், பெடல் காலை விடாது, ஓட்டுபவர் நின்ற இடத்தில் பக்கவாட்டில் சாய்வார். கிளீட் திருகிலும் கிரீஸ் தடவி 5 முதல் 6 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

பழைய பெடலையே வைத்திருப்பவர்கள் அதை உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மூடியைக் கழற்றி, லாக் நட்டைத் தளர்த்தி, உள்ளே உருளும் பால்ஸ் (குண்டுகள்) தேய்ந்திருந்தால் அதே அளவில் மாற்றி, புதுக் கிரீஸ் வைத்து, அவற்றை அழுத்தும் கோனின் இறுக்கத்தைத் திருத்துங்கள். ஆட்டமும் இருக்கக் கூடாது, கரகரப்பும் இருக்கக் கூடாது.

அடுத்த பயிற்சிக் குறிப்போடு இடமரை விவரத்தையும் ஸ்பானர் திசையையும் ஒரு படமாகப் போட்டால் வீட்டில் வண்டியைத் தாங்களே பார்த்துக்கொள்கிற வாசகர்களுக்கு உதவும். ஓட்டத்துக்கு முந்தின வாரம் யாரும் பெடல் மாற்ற வேண்டாம் என்பதையும் அதே பக்கத்தில் போடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்ப்பவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்